வைஃபை இணைந்திருக்கிறது, பிங் போகிறது; ஆனால் எந்த உலாவியிலும் பக்கம் திறக்கவில்லை

ஆதம்பாக்கம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 உள்ள என் மடிக்கணினியில் நேற்று மாலை முதல் எந்த உலாவியிலும் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இணைய முடியவில்லை என்ற பொருளில் ஏதோ ஒரு செய்திதான் வருகிறது. ஆனால் திரையின் கீழ் வலது மூலையில் வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் இணையம் இருப்பதாகவே காட்டுகிறது. வீட்டிலுள்ள கைபேசிகள் அதே வைஃபையில் எந்தத் தடையுமின்றி இயங்குகின்றன. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்துப் பார்த்தேன், ஒழுங்காகப் பதில் வருகிறது.

சென்னை ரிச்சி தெருவில் பழக்கமான ஒரு கணினிக் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். வைஃபை கார்டு போயிருக்கலாம், இல்லையென்றால் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். தங்கையின் கல்லூரிப் புராஜெக்ட் முழுவதும் இந்தக் கணினியில் இருப்பதால், வேறு வழி இருக்கும்போது அழிக்க மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் ரயிலடி:

இது பலருக்கும் வருவதுதான். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, வின்சாக் ரீசெட், ஐபி ரீசெட், டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் அமைப்பு) ஃபிளஷ் ஆகிய மூன்று கட்டளைகளையும் கொடுத்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால் வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள். எனக்கு எப்போதும் இதிலேயே சரியாகிவிடும்.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

அந்த மூன்று கட்டளைகளில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் இப்போதே அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துடைத்துவிட்டால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும். வின்சாக் ரீசெட் என்பது, மென்பொருள்கள் இணையப் போக்குவரத்தின் நடுவே எல்எஸ்பி என்ற அடுக்கைச் செருகிவந்த எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் பெரிய மருந்தாக இருந்தது. விண்டோஸ் 8 முதல் அந்த முறையை மைக்ரோசாஃப்ட் கைவிடச் சொல்லிவிட்டதால், இப்போது அதற்குப் பழைய அளவு வேலை இல்லை.

கார்டு போயிருக்கும் என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். கார்டும் டிரைவரும் சரியில்லை என்றால் பிங்குக்குப் பதில் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். உங்களுக்கு ஒழுங்காக வருகிறது என்றால், ரேடியோ சரி, ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி கிடைத்திருக்கிறது, வெளியுலகுக்குப் பாதையும் இருக்கிறது. முகவரி கிடைக்காத கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும், அதிலிருந்து 8.8.8.8-ஐத் தொடவே முடியாது. ஆகவே கோளாறு வைஃபைக்கு மேலே எங்கோ இருக்கிறது.

வைஃபை குறி சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸ் தன்னிடம் இணையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, மைக்ரோசாஃப்டின் ஒரு சர்வரிலிருந்து மிகச் சிறிய உரைக்கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள், ஆங்கிலத்தில் இடைவெளிகளையும் சேர்த்து 22 எழுத்துகள், அவ்வளவுதான் அதில் இருக்கும். அந்தக் கோப்பும் பூட்டுப் போடாத பழைய எச்டிடிபி வழியாக வருகிறது. அது வந்துவிட்டால் குறி நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடும். உங்கள் உலாவி திறக்க வேண்டிய பக்கங்களோ எச்டிடிபிஎஸ் வழியாக, தளத்தின் அடையாளச் சான்றிதழைச் சரிபார்த்து, பல மடங்கு பெரிய அளவில், சில வேளை வேறு பாதையில் வருபவை.

எனவே மூன்று செய்திகள் தேவை. முதலாவது, மடிக்கணினியை உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் ரவுட்டர் மேல் குற்றமில்லை, கணினிக்குள்தான் தேட வேண்டும். இரண்டாவது, என்எஸ்லுக்கப் கட்டளையுடன் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து, ஐபி முகவரி திரும்ப வருகிறதா என்று சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது: குரோமில் பக்கம் திறக்காதபோது, பெரிய எழுத்துச் செய்திக்குக் கீழே சாம்பல் நிறத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டுடன் ஒரு வரி இருக்கும். எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற அந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

ஆதம்பாக்கம் வாசி:

விரிவான பதிலுக்கு நன்றி ஐயா. ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலும் இதே நிலைதான், எந்தப் பக்கமும் திறக்கவில்லை. என்எஸ்லுக்கப் கொடுத்தால் உடனே முகவரி வருகிறது. நீங்கள் கேட்ட சாம்பல் நிற வரி ‘எரர் புராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்ட்’ என்று இருக்கிறது. நான் எந்தப் புராக்ஸியையும் அமைக்கவில்லை. இந்தக் கணினியை அலுவலக வேலைக்கும் பயன்படுத்துவதில்லை.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

அந்த ஒரு வரியே போதும். புராக்ஸி என்பது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடையாள். உங்கள் விண்டோஸில் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், புராக்ஸி முகவரியை இட்டுவிட்டது. அந்த முகவரியில் இப்போது பதில் சொல்ல ஆளில்லை.

பிங்குக்கும் என்எஸ்லுக்கப்புக்கும் பதில் வந்துகொண்டே உலாவி மட்டும் ஏன் முடங்கியது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பிங் என்பது ஐசிஎம்பி என்ற தனி நெறிமுறையில் நேரே போய்த் திரும்புவது; என்எஸ்லுக்கப் டிஎன்எஸ் சர்வரை நேரே கேட்பது; இரண்டும் புராக்ஸி அமைப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உலாவிகள் அப்படியல்ல. குரோமும் எட்ஜும் விண்டோஸில் இருக்கும் புராக்ஸி அமைப்பையே எடுத்துக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி அமைப்பு உண்டென்றாலும், நாம் மாற்றாத வரை அதுவும் விண்டோஸைக் கேட்டுத்தான் நடக்கும். மூன்று உலாவிகளும் ஒன்றாக விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

விண்டோஸில் கை வைப்பதற்கு முன் உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் கடைசிக்குப் போனால் நெட்வொர்க் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதில் ‘நோ புராக்ஸி’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் திறந்து, குரோமில் இன்னும் திறக்கவில்லை என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் புராக்ஸி என்று போங்கள். கையால் அமைக்கும் புராக்ஸிப் பகுதி ஆன் ஆகியிருக்கும். அதை அணைப்பதற்கு முன் அங்கே இருக்கும் முகவரியையும் போர்ட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 127.0.0.1 என்று இருக்குமென்று நினைக்கிறேன். அது அந்தக் கணினியே தன்னைக் குறிக்கும் முகவரி. உள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மென்பொருள் உலாவிகளின் போக்குவரத்தையெல்லாம் தன் வழியாக இழுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

அண்மையில் இலவச வீடியோ டவுன்லோடர், விபிஎன், விளம்பரத் தடுப்பு என்று எதையாவது நிறுவினீர்களா, அல்லது ஆன்டிவைரஸ் எதையாவது பிடித்து நீக்கியதா என்றும் பாருங்கள். இத்தகைய நிரலை ஆன்டிவைரஸ் நீக்கிவிட்டு, அது இட்டுவைத்த புராக்ஸி அமைப்பை மட்டும் அப்படியே விட்டுவிடுவது மிகவும் சாதாரணம்.

ஆதம்பாக்கம் வாசி:

நீங்கள் சொன்னபடியே 127.0.0.1 இருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் சோதித்தபோதே பக்கம் திறந்தது. விண்டோஸிலும் அணைத்தவுடன் குரோம், எட்ஜ் இரண்டும் திறந்துவிட்டன. தங்கை சென்ற வாரம் பாடக் காணொளிகளை இறக்குவதற்காக ஏதோ ஓர் இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறாள், அதை நேற்று ஆன்டிவைரஸ் பிடித்து நீக்கியிருக்கிறது. ஆனால் இன்று காலை கணினியைத் திறந்தபோது புராக்ஸி மறுபடியும் தானாக ஆன் ஆகியிருந்தது. அணைத்தால் வேலை செய்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வந்துவிடுகிறது.

நங்கநல்லூர் பழையவர்:

இடையே வருவதற்கு மன்னிக்கவும். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அந்த மென்பொருளின் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியை முதலில் பாருங்கள். அதைவிட முக்கியமாக டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, அதன் லைப்ரரியில் உள்ள பணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். லாக்-ஆன் செய்யும்போது ஓட வேண்டும் என்று அமைக்கப்பட்டு, பொருளற்ற எழுத்துக் கோவையைப் பெயராகக் கொண்டு, ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் ஏதோ ஒரு கோப்பை இயக்கும் பணி இருந்தால் பெரும்பாலும் அதுதான் ஆள். முதலில் டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். தேவையான ஏதாவதாக இருந்தால் திரும்பக் கொண்டுவரலாம்.

குரோமின் மெனுவில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி தெரிகிறதா என்றும் பாருங்கள். வீட்டுக் கணினியில் அந்த வரிக்குப் பெரும்பாலும் வேலையில்லை. அது தெரிந்தால், உலாவியின் பாலிசி அமைப்புக்குள்ளேயே புராக்ஸியைத் திணித்திருக்க வாய்ப்புண்டு.

பக்கம் திறந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிட வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அந்த நிரல் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் உலாவிப் போக்குவரத்து முழுவதும் அதன் கை வழியாகப் போயிருக்கிறது. வெறும் புராக்ஸி என்றால் எச்டிடிபிஎஸ் தளங்களின் பெயரைப் பார்க்க முடியும், உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் தன் ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்பலாம் என்று உறுதி தரும் மூலச் சான்றிதழ்) ஒன்றை விண்டோஸில் நுழைத்துவிட்டிருந்தால், பூட்டுக் குறி ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே கடவுச்சொற்களையும் படித்திருக்க முடியும். விண்டோஸின் சான்றிதழ் மேலாளரில் டிரஸ்டட் ரூட் பட்டியலைத் திறந்து, அந்த மென்பொருள் நிறுவப்பட்ட நாளிலிருந்து செல்லுபடியாகும் சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஒரு முறை ஓட்டுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே அது ஓடுவதால், ஒளிந்திருப்பவை அகப்பட வாய்ப்பு அதிகம். வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதையும் இந்தக் கணினியிலிருந்து அல்ல, கைபேசியிலிருந்து மாற்றுங்கள்.

தாம்பரம் ஆசிரியை:

தலைப்பு எங்கள் வீட்டுக் கோளாற்றுக்கும் பொருந்துவதால் இங்கேயே கேட்கிறேன். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது கிடைத்த அரசு மடிக்கணினி சில ஆண்டுகளாக அலமாரியிலேயே இருந்தது. மகளின் பயிற்சிக்கு உதவும் என்று வெளியே எடுத்து வைஃபையில் இணைத்தோம். குறி நன்றாக இருக்கிறது, பிங் போகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்து நின்றுவிடுகிறது. புராக்ஸி அணைந்துதான் இருக்கிறது. விண்டோஸ் 7 உள்ளது. பழைய பேட்டரி முற்றிலும் போய்விட்டதால் சார்ஜரில்தான் ஓடுகிறது.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

அம்மா, கணினியின் வலது மூலையில் தேதி என்னவென்று பாருங்கள். ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

தாம்பரம் ஆசிரியை:

2012, ஜனவரி 1 என்று காட்டுகிறது! நேரத்தைச் சரிசெய்தால், சார்ஜரைப் பிடுங்கி மறுபடி போட்டதும் பழையபடி அங்கேயே போய்விடுகிறது.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

கோளாறு அதுவேதான். எச்டிடிபிஎஸ் தளம் ஒவ்வொன்றும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழை நீட்டுகிறது. இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். கணினி தன் காலண்டரில் 2012 என்று வைத்துக்கொண்டு பார்க்கும்போது, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே ஒன்றையும் ஏற்காது. பிங்குக்கும் வைஃபை குறிக்கும் தேதியைப் பற்றிக் கவலையில்லை.

இணைய நேரத்துடன் தானாகச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். சாதாரண வீட்டுக் கணினியில் விண்டோஸ் டைம் சேவை 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டைத் தானாகத் திருத்தாது. ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்துக்குத் தேதியை முதலில் கையால் இட வேண்டும். அதன்பின் நிமிடங்களை அது பார்த்துக்கொள்ளும்.

சார்ஜரைப் பிடுங்கினால் தேதி அழிகிறது என்றால், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சின்ன செல் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர்2032 நாணய செல்தான். ஆனால் மடிக்கணினிகளில் பலவற்றில் அது குழியில் சும்மா உட்கார்ந்திருக்காது. கருப்பு நெகிழியுறை சுற்றி, சிவப்பும் கருப்புமாக இரண்டு கம்பிகள் நீண்டு, முனையில் சிறு பிளக்குடன் இருக்கும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வாங்குவது நல்லது.

தேதி சரியான பிறகும் சில தளங்கள் அடம் பிடிக்கலாம். பல தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குப் பழைய கருவிகளில் ஆதாரமாக இருந்த ரூட் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. நீண்ட நாள் அப்டேட் இல்லாத கணினிகளுக்கு அதன் இடத்தில் வந்த புதியதைத் தெரியாமல் இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன் ரூட் பட்டியலைத் தன்னுடனே கொண்டுவருவதால், விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி வரிசையான ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆரை (நீண்ட கால ஆதரவுப் பதிப்பை) வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள். குரோம் அந்த விண்டோஸுக்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், பயிற்சிப் பக்கங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், வங்கி வேலைக்கு வேண்டாம்.

நங்கநல்லூர் பழையவர்:

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு துணைக் குறிப்பு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய அந்த லினக்ஸை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை என்பது வேறு கதை. கணினி எழும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இன்னும் வருகிறது என்றால் அது நல்ல சோதனைக் கருவி: அதே வன்பொருள், அதே வைஃபை, வேறு இயங்குதளம்.

ஆனால் லினக்ஸ் பக்கம் போய்வந்தால் விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டக்கூடும். லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஐந்தரை மணி வேறுபாட்டால் சாதாரணமாகத் தளங்கள் முடங்குவதில்லை. அன்று காலையில்தான் சான்றிதழைப் புதுப்பித்த தளமாக இருந்தால் மட்டும் சில மணி நேரம் தகராறு செய்யும்.

மேடவாக்கம் மேல்மாடி:

என் கோளாறு இன்னும் விசித்திரமானது. கூகுள் தேடல் திறக்கிறது, யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. மற்ற தளங்களில் பாதிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று நின்றுவிடுகின்றன. தேதி சரி, புராக்ஸி இல்லை, என்எஸ்லுக்கப் சரி. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் மடிக்கணினியில் எல்லாம் திறக்கிறது. வீட்டு வைஃபையில் கைபேசியிலும் சில தளங்கள் இப்படித்தான் நிற்கின்றன என்பதை இந்த இழையைப் படித்த பிறகு சோதித்துத் தெரிந்துகொண்டேன். ஃபைபர் இணைப்பு, ரவுட்டர் மட்டும் நண்பரிடமிருந்து வாங்கிய பழையது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு அதிலிருந்தே இணைக்கிறோம்.

பெரம்பூர் ரயிலடி:

டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் அடுக்ககத்தில் எல்லா வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்கிறது என்று பொருள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

அலைவரிசை நெரிசல் என்றால் யூடியூப்தான் முதலில் திணறியிருக்கும். டிஎன்எஸ் என்றால் பெயர் கிடைக்கவில்லை என்று உடனே சொல்லியிருக்கும். சுற்றிக்கொண்டே இருந்து நிற்காது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்பது பிபிபிஓஇ முறை என்பதால், எனக்கு எம்டியு மேல்தான் (பாக்கெட் என்ற தரவுத் துண்டு ஒன்றின் உச்ச அளவு) சந்தேகம்.

வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் அதிக அளவாக 1500 பைட் இருக்கலாம். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் தன் பங்குக்கு 8 பைட் சேர்ப்பதால், உள்ளே வைக்கக்கூடியது 1492 தான். ரவுட்டருக்கு இது தெரிந்திருந்தால், இணைப்பு தொடங்கும்போதே இரு பக்கமும் சிறிய அளவில் அனுப்பிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளும். ரவுட்டரில் 1500 என்று யாராவது கையால் இட்டுவைத்திருந்தால், முழு அளவுப் பாக்கெட்டுகள் போகும் வழியில் சத்தமில்லாமல் தொலையும். குறுகிய படிக்கட்டில் தலையணை ஏறிவிடும், கட்டில் திருப்பத்தில் நின்றுவிடும் அல்லவா, அதே நிலைமை. பிங், பெயர் தேடல், வைஃபை குறி கேட்கும் அந்த 22 எழுத்துக் கோப்பு எல்லாம் தலையணைகள். சர்வர் தன் சான்றிதழை அனுப்பும் இடத்தில்தான் முதல் கட்டில் வருகிறது. பக்கம் அங்கேயே நின்று சுற்றுகிறது.

கூகுளும் யூடியூபும் தப்பித்ததற்குக் காரணம், குரோமும் அந்தத் தளங்களும் தங்களுக்குள் குயிக் என்ற புதிய நெறிமுறையில் பேசிக்கொள்வது. அது யுடிபி மேல் ஓடுகிறது, பாக்கெட்டுகளைத் தொடக்கத்திலேயே சிறியதாக வைத்துக்கொள்கிறது.

வீட்டு வைஃபையில் இருந்தபடியே சோதியுங்கள். 1.1.1.1-க்குப் பிங் கொடுக்கும்போது, பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்பதற்கான ஹைஃபன் எஃப், அளவுக்கான ஹைஃபன் எல் இரண்டையும் சேர்த்து 1472 என்று இடுங்கள். தலைப்புப் பகுதி 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகும். பிறகு 1464 இட்டுப் பாருங்கள். அது 1492 ஆகும். பெரியதற்குத் துண்டாக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பதில் வந்தால் ரவுட்டர் விழிப்பாக இருக்கிறது, என் ஊகம் தவறு. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று மௌனமாக முடிந்து, சிறியது மட்டும் ஒழுங்காகத் திரும்பினால், ரவுட்டரில் வெளி இணைப்புக்கான வேன் பகுதியில் எம்டியு எண்ணைப் பாருங்கள்.

மேடவாக்கம் மேல்மாடி:

1472-க்கு எல்லாமே டைம்டு அவுட். 1464-க்கு எல்லாமே பதில். ரவுட்டரின் பக்கத்தில் எம்டியு ‘மேனுவல், 1500’ என்று இருந்தது. 1492 ஆக்கிச் சேமித்து ரவுட்டரை மறுபடி இயக்கியவுடன் நின்றுபோன தளங்கள் எல்லாம் திறந்துவிட்டன, கைபேசியிலும் சேர்த்து. நண்பரிடம் கேட்டேன்; முன்பு அவர் வீட்டில் பிபிபிஓஇ இல்லாத வேறு வகை இணைப்பு இருந்ததாம், அப்போது இட்டது.

பெரம்பூர் ரயிலடி:

யூடியூப் ஓடுகிறதே, ரவுட்டர் மேல் குற்றம் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு கேள்வி: என்எஸ்லுக்கப் சரியாக வந்தால் டிஎன்எஸ்ஸை முழுதாக மறந்துவிடலாமா?

ஓஎம்ஆர் இரவுப்பணி:

முழுதாக மறக்க வேண்டாம். என்எஸ்லுக்கப் சர்வரை நேரே கேட்கிறது. கணினியில் பெயர்களுக்கு நேரே முகவரிகளை எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும், முன்பு தேடியவற்றைச் சேமிக்கும் விண்டோஸின் கேஷையும் பார்ப்பதில்லை. அந்தக் கோப்பில் யாராவது தவறான முகவரியை எழுதிவைத்திருந்தால், என்எஸ்லுக்கப் சரி என்று சொல்லும்போதே உலாவி தவறான இடத்துக்குப் போகும். பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால், அது விண்டோஸ் வழியாகப் போவதால் வித்தியாசம் தெரிந்துவிடும். குரோமில் செக்யூர் டிஎன்எஸ் என்ற தனி வழியும் இருக்கிறது. ஒரே ஓர் உலாவியில் மட்டும் பெயர்கள் கிடைக்கவில்லை என்றால் அதை அணைத்துப் பார்க்கலாம்.

ஆதம்பாக்கம் வாசி:

டாஸ்க் ஷெட்யூலரில் நங்கநல்லூர் ஐயா சொன்ன மாதிரியே, வாசிக்க முடியாத பெயருடன் ஒரு பணி இருந்தது. லாக்-ஆன் செய்தவுடன் புராக்ஸியை இடுவது மட்டுமே அதன் வேலை. டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்தேன், புராக்ஸி திரும்ப வரவில்லை, அதன்பின் நீக்கிவிட்டேன். ரூட் பட்டியலில் அந்த நாளுக்குரிய சான்றிதழ் எதுவும் இல்லை, ஆஃப்லைன் ஸ்கேனும் சுத்தம் என்கிறது. கடவுச்சொற்களைக் கைபேசியிலிருந்து மாற்றியாகிவிட்டது. விண்டோஸை அழிக்காமலே முடிந்ததற்கு இருவருக்கும் நன்றி.

தாம்பரம் ஆசிரியை:

தேதியைக் கையால் இட்டு ஃபயர்ஃபாக்ஸ் 115-ஐ நிறுவியதும் மகள் கேட்ட தளங்கள் எல்லாம் திறக்கின்றன. ரிச்சி தெருவில் அந்த நாணய செல்லும் கிடைத்தது. ஆனால் பழையதில் சிவப்புக் கம்பி இடப்பக்கம் இருக்கிறது, புதியதில் வலப்பக்கம். பிளக் மட்டும் ஒரே அளவு. போடலாமா?

நங்கநல்லூர் பழையவர்:

அப்படியே போடாதீர்கள் அம்மா, துருவம் மாறிவிடும். வாங்கிய கடையிலேயே காட்டினால், ஊசியால் பிளக்கின் நாக்கை நிமிர்த்தி இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகிக் கொடுப்பார்கள். போடும்போது சார்ஜர் பிடுங்கியிருக்கட்டும். அந்தப் பழைய பேட்டரியையும் கழற்றி வைத்துவிடுங்கள்.